மொட்டை மாடியில் ஒரு ஸ்டீம் பவர் ஸ்டேஷன் - முடியுமா?



அக்னி நட்சத்திரம் ஆரம்பித்துவிட்டால் மத்தியானம் மொட்டை மாடியில் செருப்பில்லாமல் நிற்க முடிகிறதா? முடியாது. அந்தக் காலைச் சுடுகிற வெப்பம் முழுவதும் சும்மாதானே போகிறது! அதைப் பிடித்து, தண்ணீரைக் கொதிக்க வைத்து, நீராவியால் ஒரு என்ஜினை ஓட்டி, வீட்டுக்கு லைட் போட்டால் என்ன? தெர்மல் என்ஜினீயரிங் பேப்பர் படிக்கிற ஒவ்வொருவருக்கும் ஒரு தடவையாவது இந்த ஆசை வந்திருக்கும்.

இந்த ஆசை நியாயமானதுதானா, செய்தால் எவ்வளவு கிடைக்கும், எங்கே ஆபத்து இருக்கிறது என்பதை நம் பாடப் புத்தகமும் ஸ்டீம் டேபிளும் கையில் இருந்தாலே கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். வாருங்கள், பார்ப்போம்.

இது புதுசு இல்லை!

சூரியனை வைத்து ஸ்டீம் என்ஜின் ஓட்டுவது 150 வருடப் பழைய விஷயம். பிரான்ஸ் நாட்டின் கணித ஆசிரியர் ஆகஸ்டின் மூஷோ 1878-ல் பாரீஸ் உலகக் கண்காட்சியில் பெரிய கூம்பு வடிவக் கண்ணாடியை வைத்து நீராவி உண்டாக்கிக் காட்டினார். அந்த வெயிலிலேயே ஐஸ் கட்டியும் செய்து காட்டினாராம்! அவருடைய உதவியாளர் ஆபெல் பிஃப்ர் 1882-ல் வெயில் நீராவியில் ஒரு அச்சு இயந்திரத்தையே ஓட்டிப் பத்திரிகை அச்சடித்தார்.

நம் நாட்டிலும் நடந்திருக்கிறது. பம்பாயில் வேலை பார்த்த வில்லியம் ஆடம்ஸ் என்ற ஆங்கிலேய அதிகாரி, சாதாரணத் தட்டைக் கண்ணாடிகளை வரிசையாக அடுக்கி, எல்லாவற்றின் ஒளியையும் ஒரே பாய்லர் மேல் விழச் செய்து, ஒரு ஸ்டீம் பம்பை ஓட்டினார். அந்த அனுபவத்தை 1878-ல் புத்தகமாகவே எழுதினார். 1913-ல் எகிப்தின் மாடி என்ற ஊரில் அமெரிக்கர் ஃபிராங்க் ஷூமன் நீளமான தொட்டி வடிவக் கண்ணாடிகளை வைத்து நைல் நதித் தண்ணீரை வயலுக்கு இறைத்துக் காட்டினார். அடுத்த வருடமே முதல் உலகப் போர் வந்தது. முயற்சி நின்றது.

இத்தனை பேர் செய்து காட்டியும் ஏன் வீட்டுக்கு வீடு வரவில்லை? கணக்கைப் போட்டால் பதில் தானாகக் கிடைக்கும்.

கணக்குப் போடுவோமா?

நமக்குக் கிடைக்கக்கூடிய ஒரு பொருளையே எடுத்துக்கொள்வோம். ஒரு காலத்தில் கேபிள் டிவிக்காரர் மாடியில் நின்ற எட்டடி டிஷ் ஆன்டெனா. விட்டம் 2.4 மீட்டர், பரப்பு சுமார் 4.5 சதுர மீட்டர்.

தெளிவான வானத்தில் உச்சிப் பொழுதில் ஒரு சதுர மீட்டருக்கு வரும் வெயில் சுமார் 1000 வாட். இதில் நேராக வரும் கதிரை மட்டுமே டிஷ் குவிக்க முடியும். சிதறி வரும் வெளிச்சம் குவியாது. எனவே 800 வாட் என்று வைத்துக்கொள்வோம்.

டிஷ் மேல் விழுவது: 4.5 × 800 = 3600 வாட்.

கண்ணாடி விழுங்குவது, குறி தப்புவது, சூடான காயிலிலிருந்து காற்றில் போவது எல்லாம் போக 60 சதவீதம் தண்ணீருக்குள் போகிறது என்போம். அது 2160 வாட். ஒரு வீட்டு கெய்சர் அளவு! மோசமில்லை அல்லவா?

இப்போது ஸ்டீம் டேபிளைத் திறங்கள். 5 பார் அழுத்தத்தில் ஸ்டீம் எடுக்கிறோம். (டேபிளில் இருப்பது அப்சல்யூட் அழுத்தம். நம் கேஜில் சுமார் 4 பார்தான் காட்டும். பரீட்சையில் பலர் மார்க் விடுவது இங்கேதான்!) அப்போது வெப்பநிலை 152 டிகிரி. ஒரு கிலோ உலர் ஸ்டீமின் என்தால்பி 2748 கிலோஜூல். நாம் ஊற்றும் 30 டிகிரி தண்ணீரில் ஏற்கெனவே 126 இருக்கிறது. ஆக ஒரு கிலோவுக்கு நாம் கொடுக்க வேண்டியது 2622 கிலோஜூல். 2160 வாட்டில் மணிக்கு ஏறக்குறைய 3 கிலோ ஸ்டீம் கிடைக்கும்.

இந்த ஸ்டீம் என்ஜினில் 1 பார் வரை விரிந்து வெளியே போகிறது. என்ட்ரோபியை வைத்துக் கணக்கிட்டால், வெளியே போகும்போது அதன் வறட்சிப் பின்னம் 0.91, என்தால்பி சுமார் 2474. அதாவது 2622 கிலோஜூல் கொடுத்து வாங்குகிறோம்; வேலையாக மாறக்கூடியது வெறும் 274! இது ஐடியல் ரேங்கின் சுழற்சி, 10.4 சதவீதம். நம் லேத்தில் செய்த சின்ன என்ஜின் இதில் பாதியைக் கொடுத்தாலே பெரிய விஷயம். அதாவது ஷாஃப்டில் சுமார் 113 வாட். டைனமோவுக்கு 75 சதவீதம் என்றால் கையில் கிடைக்கும் கரண்ட் 85 வாட்!

இதே 4.5 சதுர மீட்டரில் இன்றைய சோலார் பேனலைப் பரப்பினால் அதன் மதிப்பீடே 900 வாட் வரும். சுழலும் பாகம் இல்லை, சத்தம் இல்லை, பாய்லர் இல்லை. மேகம் மூடினால் பேனல் கொஞ்சமாவது கொடுக்கும். நம் டிஷ் சுத்தமாகக் கையை விரித்துவிடும்.

அப்படீன்னா இந்தத் திட்டத்தைக் குப்பையில் போட வேண்டியதுதானா? அவசரப்படாதீர்கள்!

மீதி எங்கே போச்சு?

2160 வாட்டில் வேலையாக மாறியது 113. மீதி 2000 வாட்டுக்கு மேல் எங்கே? எக்ஸாஸ்ட் ஸ்டீமில் அப்படியே இருக்கிறது. தண்ணீரை ஆவியாக்க நாம் கொடுத்த உள்ளுறை வெப்பம், கிலோவுக்கு 2257 கிலோஜூல், என்ஜினால் தொட முடியாத சொத்து. அதை ஆகாயத்தில் விட்டால் நஷ்டம். ஒரு தண்ணீர்த் தொட்டிக்குள் காயில் போட்டு அதன் வழியே விட்டால் லாபம்.

ஒரு லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்கு ஏற்ற 125 கிலோஜூல் போதும். வழியில் வீணாவது போக, மணிக்கு 50 லிட்டர் வெந்நீர் தாராளமாகக் கிடைக்கும். ஐந்து மணி நேர வெயிலில் 250 லிட்டர்! ஒரு கூட்டுக் குடும்பமே குளிக்கலாம்.

அதோடு 85 வாட் வீதம் ஐந்து மணி நேரத்துக்கு 425 வாட்-மணி கரண்ட். பேட்டரி நஷ்டம் போக 350 என்று வையுங்கள். 9 வாட் எல்.இ.டி. பல்பு மூன்று ஐந்து மணி நேரம் எரியும், 30 வாட் பி.எல்.டி.சி. ஃபேன் ஒன்று ஏழு மணி நேரம் ஓடும்.

ஆக இந்தக் கட்டுரை சொல்ல வரும் ஒரே விஷயம் இதுதான்: கரண்டுக்காக இதைச் செய்தால் தோல்வி. வெந்நீருக்காகச் செய்து, போகிற வழியில் கரண்டையும் எடுத்துக்கொண்டால் வெற்றி! நம் ஊர் சர்க்கரை ஆலைகளில் டர்பைனை ஓட்டிவிட்டு வரும் ஸ்டீமில் கரும்புச் சாற்றைக் காய்ச்சுகிறார்களே, அதே கோஜெனரேஷன் தத்துவம்தான்.

பெரியவர்கள் செய்ததும் இதையே காட்டுகிறது. ஆரோவில்லில் சோலார் கிச்சன் மொட்டை மாடியில் 15 மீட்டர் விட்டமுள்ள கிண்ண வடிவக் கண்ணாடி கட்டினார்கள். கிண்ணம் நகராது, அதன் குவியத்தில் உள்ள குழாய்தான் சூரியனுக்கேற்ப நகரும். அந்த ஸ்டீமில் சுமார் ஆயிரம் பேருக்குச் சமைக்கலாம். திருமலையில் 2002-ல் 106 டிஷ்கள் வைத்து அன்னதானத்துக்கு ஸ்டீம் எடுத்தார்கள். இரண்டிலும் ஸ்டீமுக்குக் கொடுத்த வேலை சமையல்தான், மின்சாரம் அல்ல. மின்சாரமே வேண்டும் என்று ராஜஸ்தான் அபு ரோட்டில் 2017-ல் அமைத்த 'இந்தியா ஒன்' நிலையத்துக்கு, 1 மெகாவாட்டுக்கு, ஒவ்வொன்றும் 60 சதுர மீட்டருள்ள 770 டிஷ்கள் தேவைப்பட்டன!

என்னென்ன வேண்டும்?

1. டிஷ்: வலை டிஷ் ஆகாது, முழுத் தகடாக இருக்க வேண்டும். குவியம் எங்கே விழும்? விட்டத்தின் வர்க்கத்தை, ஆழத்தின் 16 மடங்கால் வகுக்க வேண்டும். ஆழம் 40 செ.மீ. என்றால் குவியம் 90 செ.மீ. தூரத்தில். மெல்லிய கண்ணாடியை 5 செ.மீ. சதுரமாக வெட்டி ஒட்ட வேண்டும். மொத்தம் 1800 துண்டு! பொறுமை வேண்டும், கூட்டாளிகளும் வேண்டும்.

சூரியன் மணிக்கு 15 டிகிரி நகரும். நான்கு நிமிஷத்துக்கு ஒரு டிகிரி. டிஷ்ஷின் சுழல் அச்சை வடக்கு நோக்கி, அந்த ஊரின் அட்சரேகை அளவு உயர்த்தி (சென்னைக்கு 13 டிகிரி, மதுரைக்கு 10 டிகிரி) வைத்துவிட்டால், நாள் முழுக்க ஒரே அச்சில் திருப்பினால் போதும். ஒரு டிகிரி தப்பினால் குவியம் ஒன்றரை செ.மீ. விலகும். காயிலின் வாய் 30 செ.மீ. இருப்பதால் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை கையால் திருப்பினாலே சமாளிக்கலாம். எலக்ட்ரானிக்ஸ் நண்பர்கள் இரண்டு எல்.டி.ஆர்., ஒரு கியர் மோட்டார் கொடுத்தால் அதுவும் வேண்டாம்.

காற்றை மறக்காதீர்கள். மணிக்கு 72 கி.மீ. காற்று நேராக அடித்தால் இந்த டிஷ் மேல் சுமார் 150 கிலோ எடைக்குச் சமமான தள்ளுதல் விழும். ஸ்டாண்டை நாலு செங்கல் வைத்து நிறுத்துகிற வேலை இங்கே நடக்காது. சிவில் நண்பர்களைக் கூப்பிடுங்கள்.

2. பாய்லர் காயில்: டிரம், தொட்டி எதுவும் வேண்டாம். 10 மி.மீ. உள்விட்டமுள்ள சீம்லெஸ் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் டியூபை, நடுவில் இணைப்பே இல்லாமல் பத்து மீட்டர் நீளத்துக்கு வாங்கி, அடுக்குச் சட்டி போல் சுருட்ட வேண்டும். வெளியே ராக்வுல் சுற்றித் தகரம் போர்த்த வேண்டும். காப்பர் வளைக்கச் சுலபம்தான். ஆனால் பம்ப் நின்று காயில் வறண்டுவிட்டால் குவியத்தின் சூட்டில் காப்பர் சீக்கிரம் தளர்ந்துவிடும். ஈயப் பற்றாசைக் கிட்டேயே சேர்க்காதீர்கள். அது 183 டிகிரியிலேயே உருகத் தொடங்கும். நம் ஸ்டீமே 152 டிகிரி.

3. என்ஜின்: எவ்வளவு பெரியது வேண்டும்? 5 பார் ஸ்டீம் கிலோவுக்கு 0.375 கன மீட்டர். மணிக்கு 3 கிலோ என்றால் நிமிஷத்துக்கு சுமார் 19 லிட்டர். என்ஜின் 600 ஆர்.பி.எம். ஓடினால் ஒரு சுற்றுக்கு 31 சிசி. ஸ்ட்ரோக்கில் மூன்றில் ஒரு பங்கில் கட்-ஆஃப் என்றால் சிலிண்டர் 94 சிசி. அதாவது ஒரு 100 சிசி வண்டியின் சிலிண்டர், பிஸ்டன் போதும்!

சரிபார்ப்போம். இந்தக் கட்-ஆஃபுக்குச் சராசரி பயனுறு அழுத்தம் கணக்குப்படி 2.5 பார். அதை 94 சிசியாலும் விநாடிக்கு 10 சுற்றாலும் பெருக்கினால் 235 வாட். முன்னே என்தால்பியிலிருந்து வந்த ஐடியல் பவர் எவ்வளவு? 2160-ல் 10.4 சதவீதம், சுமார் 226 வாட். இரண்டு வழியும் ஒரே இடத்துக்கு வந்து சேருகிறது பாருங்கள்!

சிலிண்டர் ஹெட்டை நாமே செய்ய வேண்டும். கிராங்க் சுற்றுக்கு ஒருமுறை திறக்கும் இரண்டு கேம் வால்வுகள். ஸ்டீம் வால்வு கிராங்க் சுமார் 70 டிகிரி திரும்பியதும் மூட வேண்டும். சிலிண்டரின் அடியில் டிரெய்ன் காக் கட்டாயம். குளிர்ந்த சிலிண்டரில் ஸ்டீம் தண்ணீராகி நின்றால் பிஸ்டன் அதை அமுக்க முடியாது. ஏதாவது ஒன்று உடையும்.

4. ஃபீட் பம்ப்: நிமிஷத்துக்கு 50 சிசி தண்ணீர்தான். என்ஜினிலிருந்து 10-க்கு 1 குறைத்து நிமிஷத்துக்கு 60 ஸ்ட்ரோக், 8 மி.மீ. பிளஞ்சர், 17 மி.மீ. ஸ்ட்ரோக். ஸ்டார்ட் பண்ண ஒரு கைப் பம்பும் வேண்டும்.

5. தண்ணீர்: போர் தண்ணீர் ஊற்றவே கூடாது! லிட்டருக்கு ஒரு கிராம் உப்புள்ள தண்ணீர் நாளுக்கு 15 லிட்டர் போனால், 15 கிராம் உப்பு தினமும் காயிலுக்குள்ளேயே தங்கும். ஒரு மாதத்தில் கிட்டத்தட்ட அரைக் கிலோ! மழைத் தண்ணீரைச் சேமித்துப் பயன்படுத்துங்கள்.

6. வெந்நீர்த் தொட்டி: எக்ஸாஸ்ட் ஸ்டீமில் சிலிண்டர் ஆயில் கலந்திருக்கும். எனவே அதைக் குளிக்கும் தண்ணீரிலோ இட்லிப் பானையிலோ நேராக விடக் கூடாது. காயில் வழியாகத்தான் சூடு போக வேண்டும். குளிர்ந்து வரும் தண்ணீரையும் ஆயில் பிரிக்காமல் பாய்லருக்குத் திருப்பக் கூடாது. உள்சுவரில் ஆயில் படலம் படிந்தால் சூடு தண்ணீருக்குள் போகாது, குழாய்தான் பழுக்கும்.

உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்

நண்பர்களே, மற்றதை எல்லாம் வேகமாகப் படித்திருந்தாலும் பரவாயில்லை. இதை மட்டும் நிதானமாகப் படியுங்கள்.

1863-ல் கல்கத்தாவில் ஒரு பாய்லர் வெடித்துப் பலர் இறந்தார்கள். அதன் பிறகே, 1864-ல், வங்காளத்தில் பாய்லர் பரிசோதனைச் சட்டம் வந்தது. பின்னர் நாடு முழுமைக்கும் 1923 சட்டம். அதற்குப் பதிலாக இப்போது பாய்லர்கள் சட்டம் 2025 வந்துள்ளது. அதன்படி 25 லிட்டருக்குக் குறைந்த கொள்ளளவுள்ள கலன் 'பாய்லர்' என்ற வரையறைக்குள் வராது. நம் காயிலோ ஒரு லிட்டர்கூட இல்லை.

ஆனால் சட்டம் விட்டுவிட்டது என்பதற்காக ஸ்டீம் விட்டுவிடாது! ஒரு உதாரணம். "காயில் எதுக்கு, 20 லிட்டர் சிலிண்டர் ஒன்றையே பாய்லராக்கிடலாமே" என்று ஒருவர் நினைக்கிறார். சட்டப்படி அதுவும் வரையறைக்கு வெளியேதான். அதில் 152 டிகிரியில் சுமார் 18 கிலோ தண்ணீர் இருக்கும். கலன் கிழிந்தால் அழுத்தம் சட்டென்று 1 பாருக்கு இறங்கும். 100 டிகிரிக்கு மேல் அந்தத் தண்ணீர் வைத்திருக்கும் வெப்பம் கிலோவுக்கு 221 கிலோஜூல். அதில் பத்தில் ஒரு பங்கு, ஏறத்தாழ 1.8 கிலோ, கண் இமைக்கும் நேரத்தில் ஆவியாகும். அது 3000 லிட்டர் ஸ்டீம்! பக்கத்தில் நிற்பவர் கதி என்ன? ஒரு லிட்டர்கூட இல்லாத காயில் கிழிந்தால் 'புஸ்' என்ற சத்தத்தோடு கொஞ்சம் ஸ்டீம் வரும். அதுவும் கையைச் சுடும், ஆனால் வீட்டைத் தூக்காது. காயில்தான் வேண்டும் என்று அழுத்திச் சொல்வது இதற்காகத்தான்.

இன்னும் சில கட்டளைகள்:

- சேஃப்டி வால்வு கேஜில் 5-ல் திறக்க வேண்டும். அதற்கும் காயிலுக்கும் நடுவில் எந்த வால்வும் இருக்கக் கூடாது.

- ஸ்டீம் விடும் முன், குளிர்ந்த தண்ணீரால் 10 கி.கி./ச.செ.மீ. வரை பிரஷர் டெஸ்ட் செய்ய வேண்டும். காற்றால் ஒருபோதும் டெஸ்ட் செய்யக் கூடாது. தண்ணீர் அமுங்காது, கிழிந்தால் சொட்டும். காற்று கிழிந்தால் வெடிக்கும்.

- பிரஷர் கேஜுக்கு முன்னால் சைஃபன் டியூப் போடுங்கள்.

- அடுப்பை அணைக்கலாம், சூரியனை அணைக்க முடியாது! பம்ப் நின்றால் டிஷ் தானாகத் திரும்பிவிட வேண்டும். டிஷ்ஷை ஒரு பக்கம் இழுக்கும் எடை கட்டி, ஒரு கொக்கியில் நிறுத்துங்கள். கொக்கியைத் தட்டினால் குவியம் விலக வேண்டும்.

- வேலை செய்யும்போது வெல்டிங் கண்ணாடி அணிய வேண்டும். ஓட்டாத நேரத்தில் டிஷ் மேல் சாக்கு போர்த்த வேண்டும். கவனிக்காமல் விட்ட டிஷ் பக்கத்து வீட்டுக் கொடித் துணியைக்கூட எரித்துவிடும்.

எப்படி ஆரம்பிப்பது?

ஒரே நாளில் எல்லாவற்றையும் சேர்த்து ஸ்டீம் ஏற்றக் கூடாது. நான்கு படியாகச் செய்யலாம்.

முதல் படி, டிஷ் மட்டும். குவியத்தில் கறுப்படித்த திறந்த பாத்திரத்தில் 10 லிட்டர் தண்ணீர் வையுங்கள். 30 டிகிரியிலிருந்து 80 டிகிரி வர 16 நிமிஷம் ஆனால் நாம் போட்ட 60 சதவீதம் சரி. 25 நிமிஷம் ஆனால் 39 சதவீதம்தான். கண்ணாடிகளை மறுபடி சரிபாருங்கள்.

இரண்டாம் படி, காயிலைச் செய்து தண்ணீர் டெஸ்ட். மூன்றாம் படி, என்ஜினை ஒர்க்ஷாப் கம்ப்ரஸர் காற்றிலேயே 4 கிலோ அழுத்தத்தில் ஓட்டிப் பழகுவது. வால்வு டைமிங், பேரிங், டைனமோ எல்லாவற்றையும் இங்கேயே சரிசெய்துவிடலாம். நான்காம் படியில்தான் இரண்டையும் இணைக்க வேண்டும். அதுவும் ஒர்க்ஷாப் சார் பக்கத்தில் நிற்கும்போது மட்டும்!

நண்பர்களே, 85 வாட் என்று கேட்டதும் சிலருக்குச் சிரிப்பு வரலாம். ஆனால் ஸ்டீம் டேபிள், ஃபோகஸ், வால்வு டைமிங், காற்றுச் சுமை, கன்ட்ரோல் சர்க்யூட், சட்டம் என்று மூன்று வருடம் தனித்தனி பேப்பராகப் படித்ததை ஒரே மேடையில் ஓட வைக்கும் வேறு ப்ராஜெக்ட் எது? மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல், எலக்ட்ரானிக்ஸ், சிவில் எல்லாரும் கை கொடுத்தால்தான் இது நடக்கும். கடையில் வாங்கிச் செய்யும் ப்ராஜெக்டில் மார்க் கிடைக்கும். இதில் மார்க்கோடு மாதா மாதம் வெந்நீரும் கிடைக்கும்.

வெயிலுக்கு நம் ஊரில் பஞ்சமே இல்லை. கணக்கை முதலில் போடுவோம், பாதுகாப்பை முன்னால் வைப்போம், பிறகு ஸ்பேனரைக் கையில் எடுப்போம்!